இருபதாம் எண் வாய்

பேரணி ஸ்டேஷனைத் தாண்டியதும் பூமாலை இரண்டாவது ஏலக்காயை வாயில் போட்டுக்கொள்வாள். முதலாவது, விழுப்புரத்தில் ரயில் ஏறும்போது. மூன்றாவது, திண்டிவனத்தில் இறங்கிக் கல்லூரிப் பேருந்துக்காக நிற்கும்போது. மெல்லுவதில்லை. வலது கடைவாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, சாறு இன்னும் இறங்குகிறதா என்று நாக்கால் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள். உட்கார இடமிருந்தாலும் கதவோரம்தான் நிற்பாள். யாராவது பேச்சுக் கொடுத்தால் காற்றடிக்கிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பதில் சொல்வாள். அதே ரயிலில் பத்து வருஷமாக வருகிற பெண்கள் அவளைக் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவள் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

திண்டிவனத்துக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருக்கிற ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் அவள் லேப் டெக்னீஷியன். நாற்பத்து மூன்று வயது. செவ்வாய்க்கிழமை காலையில் ஆட்டுக்கறிக் கடைக்குக் கண்ணாடி மணிகள் போட்ட குடுவையோடு போய் நிற்பாள். ரத்தம் விழ விழக் குடுவையைக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உறைந்துவிடும். கல்லூரி வந்து சேரும்வரை பேருந்தில் உட்கார்ந்தபடி அதை ஆட்டிக்கொண்டே வருவாள். அந்த ரத்தத்தைக் கூழோடு கலந்து பிளேட் என்கிற சின்ன வட்டத் தட்டில் வார்த்தால்தான் ஈறு நோய்க் கிருமி வளரும். அதற்குக் காற்றும் ஆகாது. காற்றை வெளியேற்றிய ஜாடிக்குள் பத்து நாள் அடைத்து வைத்தால் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி வைக்கும். ஜாடியைத் திறக்கும்போது வருகிற நாற்றத்துக்குப் படிக்கிற பிள்ளைகள் வராந்தாவுக்கு ஓடிவிடுவார்கள். பூமாலை நகரமாட்டாள்.

எண்ணுவதில் அவளை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. மைக்ராஸ்கோப்பில் ஒரு கண், இடது கையில் டிக் டிக்கென்று அழுத்துகிற எண்ணும் கருவி. ஒரு செல்லின் மேல் எத்தனை கிருமி ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, அப்படி நூறு செல் எண்ண வேண்டும். புதிதாக வருகிற மாணவர்களுக்கு அவள்தான் சொல்லிக் கொடுப்பாள். “பொரிச்ச அப்பளம் மேல சீரகம் ஒட்டிக்கினு இருக்குது பாரு, அதான். அப்பளத்த எண்ணாத, சீரகத்த எண்ணு.” இதையும் முகக்கவசத்துக்குள்ளிருந்துதான் சொல்வாள். கொரோனா முடிந்து எல்லாரும் கழற்றி எறிந்த பிறகும் அவள் முகக்கவசத்தைக் கழற்றவில்லை. துறைத் தலைவர் ஜகபர் சாதிக் ஒரு கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, சுகாதார உணர்வு என்றால் இவங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பாராட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். பூமாலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய ஈறுகளில் முப்பத்தைந்து வயதிலிருந்தே ரத்தம் வந்துகொண்டிருந்தது. இடது பக்கம் கீழே ஒரு கடைவாய்ப் பல் விரலால் தொட்டால் ஆடும். அவளுடைய அம்மாவுக்கும் அப்படித்தான் ஆடி ஆடி, ஐம்பதுக்குள் எல்லாம் விழுந்தது. இது வெறும் அழுக்கால் வருவதல்ல, சில குடும்பங்களில் வரும், சில கிருமிகளால் வரும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பாடத்துக்கான ஸ்லைடுகளைத் தயாரித்ததே அவள்தான். ஆனாலும் ஒரு நாளைக்கு மூன்று தடவை ரத்தம் வர வரத் தேய்த்தாள். கோலியனூர்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு வாத்தியார் ஒருத்தர் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பல்லைக் காட்டச் சொல்வார். காலனிப் பிள்ளைகளுக்குத் தனி வரிசை. அவள் முறை வரும்போது இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டு, “வெளக்கினியா?” என்று கேட்பார். விளக்கியிருப்பாள். தலையாட்டுவாள். அவர் நம்பமாட்டார்.

கல்யாணமாகிப் பதினோராவது வருஷம், அவளுடைய கணவர் அன்புச்செல்வன் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, மிகவும் தயங்கி, “ஏதாவது மருந்து கிருந்து போட்டுப் பாரேன், பூமா” என்றார். நல்ல மனிதர். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்கு என்று அவளும் கேட்கவில்லை. அன்றிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பழகிக்கொண்டாள்.

அவள் வேலை பார்க்கிற இடத்தில் மாடிக்கு மாடி பல் டாக்டர்கள். ஊழியர்களுக்கு இலவச சிகிச்சை. ரத்தம் வரத் தொடங்கிய இந்த எட்டு வருஷத்தில் ஒரு முறைகூட அவள் நோயாளியாகக் கீழே இறங்கவில்லை. விழுப்புரத்தில் வெளி டாக்டர் ஒருவரிடம் போகலாம் என்று ஒரு தடவை படியேறியவள், பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். அந்த டாக்டர் இதே கல்லூரியில் படித்தவர். அவளிடம் ஸ்லைடு எண்ணக் கற்றுக்கொண்டவர்.

மேல்படிப்பு படிக்கிற அஸ்வினி தன் ஆய்வைத் தொடங்கியபோது இப்படித்தான் இருந்தாள் பூமாலை. அஸ்வினியின் திட்டம் எளிமையானது. ஈறு நோய் உள்ள இருபது பேரிடமிருந்து கிருமி எடுக்க வேண்டும். கொய்யா இலை, மாதுளைத் தோல், நாயுருவி வேர், ஆலம் விழுது என்று பன்னிரண்டு செடி கொடிகளின் சாற்றில் எது அந்தக் கிருமியை அடக்குகிறது என்று பார்க்க வேண்டும். பொங்கலுக்கு முந்தைய வாரத்துக்குள் பத்தொன்பது பேர் கிடைத்துவிட்டார்கள். இருபதாவது ஆள், வல்லத்திலிருந்து வந்த முத்துசாமி. வயது அறுபத்தொன்று, விவசாயக் கூலி. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர், திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குகிற சமயம், வரவில்லை. அஸ்வினி அன்று சென்னையில் ஒரு கருத்தரங்கில் இருந்தாள். மறுநாளே ஆய்வை மேற்பார்க்கிற பேராசிரியரிடம் கணக்குக் காட்ட வேண்டும்.

பூமாலை மதியம் மூன்று மணிக்குப் பெண்கள் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டாள். கண்ணாடியைப் பார்த்து, ஊசிபோல் திரித்த காகிதக் குச்சியை இடது கடைவாய்ப் பல்லின் ஓரமாக ஈறுக்குள் இறக்கினாள். வலித்தது. பத்து எண்ணினாள். எடுத்து, ஏற்கெனவே தயாராக இருந்த குப்பியில் போட்டு மூடினாள். குப்பியின் மேல் அவள் கையெழுத்திலேயே முன்பே எழுதியிருந்தது: எண் 20, ஆண், 61, வல்லம்.

அஸ்வினிக்கு உதவத்தான் செய்தாள் என்று சொன்னால் அது பாதிதான். பின்னால் அவளே இதைச் சொன்னாள். “உள்ள என்னாதான் இருக்குதுன்னு ஒரு வாட்டி பாத்துடணும்னு இருந்துச்சுங்க. என் பேர்ல பாக்க தெம்பு இல்ல.”

பத்தாம் நாள் ஜாடியைத் திறந்தபோது இருபதாம் எண் பிளேட்டில் மிளகைக் கொட்டியதுபோல இருந்தது. மற்றவர்களின் கிருமி ஒரு செல்லுக்குப் பதினைந்து, இருபது என்று ஒட்டியது. இருபதாம் எண் அறுபத்து நாலு. அவளே எண்ணினாள். பரிசோதனைக்கான செல்கள் அஸ்வினியின் கன்னத்தின் உள்பக்கத்திலிருந்து சுரண்டி எடுத்தவை. அந்தப் பெண்ணின் கன்னத்துச் செல்லின் மேல் தன் வாய்க் கிருமி விளிம்பு தெரியாமல் மொய்த்திருப்பதைப் பூமாலை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். டிக், டிக், டிக். மேசையில் இருந்த தன் கையைப் பக்கத்தில் நின்ற அஸ்வினியின் மேல் படாமல் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

இவ்வளவு வலுவாக ஒட்டுகிற கிருமிதான் ஆய்வுக்கு வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மற்றவற்றை ஒதுக்கிவிட்டு இருபதாம் எண்ணையே வளர்த்தார்கள். மாணவர்கள் அதற்கு முத்துசாமி என்று பெயர் வைத்தார்கள். முத்துசாமி வளர்ந்தாரா, முத்துசாமிக்குச் சாப்பாடு போட்டாச்சா என்று காலையில் கேட்டுக்கொண்டு வருவார்கள். ஒருத்தன், அந்தாள் வீட்டில் எப்படித்தான் சேர்த்துச் சோறு போடுகிறார்களோ என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பூமாலையும் மூக்கால் சிரித்தாள். அன்று மதியம் ஸ்டெரிலைசர் அறையில் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தவள் டப்பாவைத் திறக்காமலே மூடிவிட்டாள்.

செடிச் சாறுகள் ஒன்றும் வேலைக்காகவில்லை. வாய் கொப்பளிக்கிற அளவுக்கு நீர்க்கக் கலந்தால் பதினொன்றில் ஒன்றுகூட அந்தக் கிருமியைக் கொல்லவில்லை. பன்னிரண்டாவது, நாவல் பட்டை. கோலியனூர் ஏரிக்கரையில் பூமாலையே வெட்டிக்கொண்டு வந்து நிழலில் உலர்த்தியது. அதிலும் கிருமி சாகவில்லை. அஸ்வினி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எதற்கும் இருக்கட்டும், செல்லில் ஒட்டுகிறதா என்றும் பார்த்துவிடலாம் என்று பூமாலைதான் சொன்னாள்.

முதல் செல்லில் ஒன்றுமில்லை. சாயம் ஏறவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். இரண்டாவதில் மூன்று. மூன்றாவதில் ஒன்று. நூறும் எண்ணி முடித்துவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, வேறொரு ஸ்லைடு போட்டு மறுபடி நூறு எண்ணினாள். கிருமிகள் செல்லைச் சுற்றிச் சும்மா மிதந்துகொண்டிருந்தன. எல்லாம் உயிரோடு இருந்தன, பிடிமானம்தான் கிடைக்கவில்லை. அஸ்வினியைக் கூப்பிட்டுக் காட்டினாள். “சாவலீங்க டாக்டர். ஆனா ஒட்ட மாட்டுது.” அஸ்வினி பார்த்துவிட்டு அப்படியே அவளைக் கட்டிக்கொண்டாள். பூமாலை மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பினாள்.

இரண்டு வாரம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் ஜகபர் சாதிக் ஒரு வார்த்தை சொன்னார். இவ்வளவு மோசமான கிருமியை வாயில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஊரில் இருக்கிறார், அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம், திருப்பி அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. முதலில் அவரைக் கூப்பிட்டு வைத்தியம் பாருங்கள், கட்டுரையைப் பிறகு எழுதலாம். அவர் சொன்னதில் தப்பே இல்லை. படிவத்தில் இருந்த எண்ணுக்கு அஸ்வினி போன் செய்தபோது, அந்த எண் உபயோகத்தில் இருக்கக் கூடாது என்று பூமாலை வேண்டிக்கொண்டு நின்றாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

முத்துசாமி புதன்கிழமை வந்தார். சலவைச் சட்டை, தோளில் புதுத் துண்டு, டாக்டருக்கென்று ஒரு பை நிறைய மல்லாட்டை. கீழே நோயாளிகள் அறையில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இவர்தான் முத்துசாமியா என்று பார்க்க மாணவர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். ஜகபர் சாதிக்கும் வந்திருந்தார். ஸ்லைடு பெட்டியை எடுத்துக்கொண்டு பூமாலையும் வர வேண்டியிருந்தது. அஸ்வினி அவருக்குப் பொறுமையாகத்தான் விளக்கினாள். உங்க வாயில் இருக்கிற கிருமி நாங்கள் பார்த்ததிலேயே கெட்டியாக ஒட்டுகிற கிருமி, பயப்பட வேண்டாம், சரி செய்துவிடலாம் என்றாள். பின்னால் நின்ற ஒருத்தன் களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றினான்.

முத்துசாமி சுற்றி நின்றவர்களை ஒரு தரம் பார்த்தார். துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே கேட்டார். “எம் பேத்திக்கு ரெண்டு வயசாவுதுங்க. ஊதி ஆறவெச்சு நான்தான் ஊட்டுறேன். அதுக்கு ஒட்டிக்கினு இருக்குமா?”

அஸ்வினி ஜகபர் சாதிக்கைத் திரும்பிப் பார்த்தாள். முத்துசாமி துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார். “தெரியாம செஞ்சிட்டேங்க. இனிமே ஊட்டல” என்றார்.

ஸ்லைடு பெட்டியை வைக்க இடம் தேடினாள் பூமாலை. கிடைக்காமல் தரையிலேயே வைத்தாள். முகக்கவசத்தைக் கீழே இழுத்தாள். அவள் முழு முகத்தை அங்கே பாதிப் பேர் பார்த்ததே கிடையாது.

“அது இவுரு வாயி இல்லீங்க சார்” என்றாள். “என் வாயி. அன்னிக்கு இவுரு வரல. நான் என்னோடத எடுத்து இவுரு நம்பர்ல போட்டுட்டேன்.”

ஜகபர் சாதிக் மாணவர்களை மேலே போகச் சொன்னார். கையுறை மாட்டிக்கொண்டு தானே முத்துசாமியின் வாயைச் சோதித்து, பல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஈறு நோய் லேசாகத்தான் இருக்கிறது, பேத்திக்குத் தாராளமாக ஊட்டுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். முத்துசாமி சரிங்க சரிங்க என்றார். பூமாலை அவர் பக்கம் திரும்பவே இல்லை. திரும்ப முடியவில்லை. அவர் மல்லாட்டைப் பையை நாற்காலிக்கடியில் வைத்துவிட்டுப் போனதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

பிறகு நடந்தது எல்லாம் முறைப்படிதான். விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார்கள். பதினைந்து நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். இருபதாம் எண்ணை வைத்து எழுதிய பக்கங்கள் எல்லாம் செல்லாது என்று ஆனது. அஸ்வினியின் படிப்பு ஆறு மாதம் தள்ளிப்போனது. மாணவர்களின் கேலிச் சத்தம் நின்றது. அதற்குப் பதிலாக அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. அது கேலியைவிடக் கஷ்டமாக இருந்தது. வீட்டில் அன்புச்செல்வனிடம் முழுவதையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, நான் அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றார். அவளுக்கு அதுவும் தாங்கவில்லை.

அஸ்வினி மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. பேசியபோது கோபமாகப் பேசவில்லை. “எங்கிட்ட சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேனேக்கா” என்றாள். பூமாலை புதுப் படிவத்தில் தன் பெயரையும் வயதையும் ஊரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய் நோயாளி நாற்காலியில் சாய்ந்தாள். அஸ்வினிதான் மறுபடி எடுத்தாள். வாயைத் திறக்கச் சொல்லி மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள், ஈறுகளைக் கீறி நான்கு தடவையாகச் சுத்தம் செய்தார்கள். கிருமி அதேதான் வளர்ந்தது. நாவல் பட்டைச் சாற்றில் அதேபோல ஒட்டாமல் மிதந்தது. இந்தத் தடவை எண்ணியவள் அஸ்வினி. பூமாலை எண்ணக் கூடாது என்று விதி. அவள் பக்கத்து ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து டிக் டிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வல்லத்துக்குப் போக அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, வல்லம் வழியாகப் போகிற செஞ்சி பஸ் கிளம்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, விழுப்புரத்துக்கே திரும்பிப் போயிருக்கிறாள். மூன்றாவது ஞாயிறு ஏறிவிட்டாள்.

முத்துசாமியின் வீடு அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. வாசலில் சாக்கில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவர் வேப்பமர நிழலில் பேத்தியை எதிரே உட்கார வைத்துப் பருப்புச் சோறு கொடுத்துக்கொண்டிருந்தார். பூமாலையை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. எழுந்திருக்கப் போனவரைத் தடுத்துவிட்டு அவளும் தரையிலேயே உட்கார்ந்தாள். பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. “தப்பு பண்ணிட்டேங்க ஐயா” என்று மட்டும் சொன்னாள்.

“அட, நீதான் அத்தினி பேர் எதிர்ல சொல்லிட்டியேம்மா” என்றார் முத்துசாமி. மருமகளைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார்.

அப்போதுதான் பார்த்தாள். அவர் கையில் ஒரு எவர்சில்வர் கரண்டி இருந்தது. சோற்றை ஊதவில்லை, தட்டை விசிறியால் விசிறி ஆற வைத்து, கரண்டியால் அள்ளிக் கையை நீட்டினார். குழந்தைக்குக் கரண்டி பிடிக்கவில்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. கரண்டி பல்லில் பட்டதும் சிணுங்கியது.

கையால் ஊட்டலாம் என்று பெரிய டாக்டரே சொன்னாரே என்று பூமாலை கேட்டாள்.

“சொன்னாரும்மா. சரின்னுதான் வந்தேன்.” முத்துசாமி கரண்டியைப் பார்த்துக்கொண்டு பேசினார். “வூட்டுக்கு வந்து சோத்த பெசஞ்சேன். அந்தப் புள்ளைங்க சுத்தி நின்னு பாத்தாங்க பாரு, அது நெனப்புக்கு வந்துடுச்சு. அதுக்கப்புறம் கை போவல.”

குழந்தை அவர் விரல்களை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. அவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

பூமாலை எட்டி, அவர் மறு கையிலிருந்த கரண்டியை வாங்கினாள். ஒட்டியிருந்த பருக்கையை முந்தானையால் துடைத்தாள். கரண்டியைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.